பட்டாளக் கடதாசியில் ஒரு வருத்தம்

பிள்ளைகளே, நான் இரண்டு முறை பட்டாளத்தில் சேர்ந்தவன் என்பது உங்களுக்குத் தெரியும். முதல் முறை சேர்ந்தபோது ஒருவரும் என்னைக் கேள்வி கேட்கவில்லை. சண்டைக் காலம், கையும் காலும் இருந்தால் போதும். இரண்டாம் முறை சேர நான் பட்ட பாட்டைத்தான் இதில் எழுதுகிறேன். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். எழுத்துப் பிழை கண்டால் திருத்தி வாசியுங்கள்.

வெள்ளைக்காரன் காலத்துப் பட்டாளத்தில் நான் லொறி ஓட்டினேன். ஆள் குறைந்த நாட்களில் காவலுக்கும் நிறுத்துவார்கள். திருகோணமலைத் துறைமுகத்தில் வேலை. சண்டை முடிந்ததும் எங்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். போகும்போது ஆளுக்கொரு கடதாசி தந்தார்கள். எல்லாம் இங்கிலிஷ். என் பெயரையும் இலக்கத்தையும் தவிர வேறொன்றும் எனக்கு வாசிக்கத் தெரியாது. மடித்துத் தகரப் பெட்டிக்குள் வைத்தேன். பிறகு யாழ்ப்பாணத்தில் உங்கள் அம்மாவைக் கலியாணம் செய்து, கிளிநொச்சிக் குடியேற்றத்தில் காணி கிடைத்து, காடு வெட்டி, வாய்க்கால் கட்டி இருக்கத் தொடங்கினோம்.

நெல் விதைக்க எனக்குக் கை வரவில்லை. அதை மறைக்க ஒன்றுமில்லை. உங்கள் அம்மாவும் அவருடைய தமையனும் வயலைப் பார்த்தால் பயிர் நிமிரும். நான் பார்த்தால் படுக்கும். என் மனம் எப்போதும் லொறியின் அடியில்தான் கிடந்தது. அப்படியிருக்கையில், இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்துப் புதிதாக அமைத்த பட்டாளத்துக்குப் பழைய சாரதிமாரை எடுக்கிறார்கள் என்று சந்தையில் கேள்விப்பட்டேன். வயதெல்லை ஒன்று வைத்திருந்தார்கள். அடுத்த பிறந்த நாளோடு எனக்கு அது கடந்துவிடும்.

உங்கள் அம்மாவிடம் சொன்னேன்.

"உங்களுக்கு என்ன பட்டாளம் இப்ப? சண்டை பிடிக்கிற ஆசையெண்டால் வாசலிலை வந்து நிக்கிற யானையோடை பிடியுங்கோவன்."

"யானைக்கு லொறி ஓடத் தெரியாது. எனக்குத் தெரியும்."

"அப்ப யானையைப் பட்டாளத்திலை சேர்ப்பினம். அது உங்களைவிடச் சொல்லுக் கேக்கும்."

சிரித்துக்கொண்டு சொன்னாலும் அவர் மறுக்கவில்லை. நான் கடதாசியை எடுத்துக்கொண்டு ரெயிலேறி வவுனியாவுக்குப் போனேன். அங்கே ஒரு மண்டபத்தில் மேசை போட்டு ஆள் எடுத்தார்கள். மேசையில் இருந்த அதிகாரி என் கடதாசியை வாசித்தார். திருப்பித் திருப்பி வாசித்தார். பிறகு என் பக்கம் தள்ளிவிட்டார். பக்கத்தில் நின்ற தமிழ்க் கிளாக்கர்தான் விளக்கம் சொன்னார்.

"நீர் காவலுக்கு நிண்ட இடத்தை விட்டிட்டுப் போனீராம். விசாரணையிலை குற்றத்தை ஒப்புக்கொண்டு, செய்ததுக்குக் கவலை தெரிவிச்சீராம். இப்பிடி எழுதிக் கிடக்கிற ஆளைத் திரும்ப எடுக்கேலாது."

"நான் கவலை தெரிவிக்கேல்லை ஐயா."

"இஞ்சை கிடக்கு."

"நான் ஒப்புக்கொள்ளவும் இல்லை."

"என்னோடை கதைச்சு என்ன செய்யிறது? கடதாசி எழுதின துரை கப்பலேறிப் போட்டார். அடுத்த ஆளை விடும்."

ரெயிலில் வரும் வழியெல்லாம் அந்த விசாரணையை நினைத்துப் பார்த்தேன். நடந்தது இதுதான். துறைமுகத்தில் பெற்றோல் பீப்பாய்கள் அடுக்கிய கொட்டிலுக்கு நான் காவல். பின்னேரம் குளிர் பிடித்து உடம்பு நடுங்கத் தொடங்கியது. பல்லோடு பல் அடித்தது. பட்டாள ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்று நடந்தேன். வழியில் விழுந்துவிட்டேன். கடற்கரையில் இருந்த, சிலுவை கும்பிடும் ஒரு வேதக்காரக் குடும்பம் என்னைத் தூக்கிக்கொண்டுபோய்த் தங்கள் குடிசையில் கிடத்தி, கஞ்சி பருக்கி வைத்திருந்தது. அறிவு தெளிந்ததும் எழும்பி நடந்து முகாமுக்கு வந்தேன். வந்த கையோடு விசாரணை.

துரை வெள்ளைக்காரன். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு இங்கிலிஷ் தெரியாது. நடுவில் மொழி மாற்றிச் சொல்ல ஒரு கிளாக்கர் நின்றார். சென்னைப் பக்கத்து ஆள், நல்ல மனிதர்.

"ஏம்ப்பா, காவலை விட்டுட்டுப் போனே?" என்று கேட்டார்.

"வருத்தம் ஐயா. சரியான வருத்தம்."

"வருத்தமா?"

"ஓம் ஐயா. இப்பவும் வருத்தமாய்த்தான் கிடக்கு."

அவர் துரையைப் பார்த்து இங்கிலிஷில் சுருக்கமாக ஏதோ சொன்னார். துரையின் முகம் இளகியது. "நீ மறைக்காம சொன்னதால துரை லேசா விட்டுட்டாரு. போ," என்றார் கிளாக்கர். என் நோயை நம்பிவிட்டார்கள் என்று நான் சந்தோஷப்பட்டேன். வெளியே வந்ததும் கையில் மண்வெட்டியைத் தந்து கக்கூசுக் குழி வெட்டச் சொன்னார்கள். காய்ச்சல்காரனுக்கு ஏன் இந்த வேலை என்று யோசித்தேன். வேர்க்க வைத்துக் காய்ச்சலை இறக்குவது வெள்ளைக்கார வைத்தியமாக்கும் என்று நினைத்துக்கொண்டு வெட்டினேன். மறுநாள் குழிக்குள்ளேயே மயங்கி விழுந்தேன். பிறகுதான் ஆஸ்பத்திரியில் போட்டார்கள்.

இதில் எங்கே நான் குற்றத்தை ஒப்புக்கொண்டேன்? கிளாக்கர் வேண்டுமென்று பொய் சொன்னாரா? அவருக்கும் எனக்கும் ஒரு பகையும் இல்லையே. வீட்டுக்கு வந்த பிறகும் எனக்கு விளங்கவில்லை. ஆனால் அந்த வரியை அழிக்காமல் விடுவதில்லை என்று மட்டும் முடிவெடுத்தேன்.

விளக்கம் கிடைத்தது ஒரு தையல் கடையில். திரும்பவும் வவுனியாவுக்குப் போகும்போது உடுத்த ஒரு சேட்டுத் தைக்கக் கொடுத்திருந்தேன். தையற்காரர் திருநெல்வேலிப் பக்கம். கொழும்பில் தன் ஊர்க்காரரின் கடையில் தைத்துவிட்டு, அப்போதுதான் கிளிநொச்சிச் சந்தையடியில் தனியாகக் கடை போட்டிருந்தார். சொன்ன நாளுக்குப் போனேன். சேட்டு கை இல்லாமல் தொங்கியது.

"அண்ணே, இன்னும் முடியல. நாளைக்கு வாங்க. ரொம்ப வருத்தமா இருக்குண்ணே," என்றார்.

"வருத்தமோ? என்ன, காய்ச்சலோ?"

"காய்ச்சலா? யாருக்கு?"

"உமக்குத்தான். வருத்தமெண்டு இப்ப சொன்னீரே."

"ஆமா, வருத்தம்தான்."

"அப்ப ஏன் மிசினிலை குந்திக்கொண்டிருக்கிறீர்? ஆசுப்பத்திரிக்குப் போமன்."

அவர் மிசினை நிறுத்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஒரு சட்டை லேட்டானதுக்கு ஆஸ்பத்திரிக்கு அனுப்புறீங்களே! ரெண்டு சட்டைன்னா சுடுகாடா?"

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சுவரோரம் கிடந்த வாங்கிலில் குந்திவிட்டேன்.

"தம்பி, உங்கடை ஊரிலை வருத்தமெண்டால் என்ன?"

"மனசு கஷ்டப்படுறதுண்ணே. ஒரு தப்புப் பண்ணிட்டோம்னா, ஐயோ பண்ணிட்டோமேன்னு இருக்குமில்ல, அதுதான்."

"உடம்புக்கு வாறதை என்னெண்டு சொல்லுவியள்?"

"நோவு, சீக்கு, உடம்புக்கு முடியல. ஏன், உங்க ஊர்ல?"

"எங்களுக்கு அதுதான் வருத்தம். காய்ச்சல், வயித்துக்குத்து, பல்லுக்குத்து எல்லாம் வருத்தம்."

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. சென்னைக் கிளாக்கர் பொய் சொல்லவில்லை. நான் நோய் என்று சொன்னதை அவர் மனக்கவலை என்று கேட்டிருக்கிறார். "இப்பவும் வருத்தமாய்த்தான் கிடக்கு" என்று நான் சொன்னது, இன்னும் மனம் வருந்துகிறான் என்று துரைக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. நான் திரும்பத் திரும்பச் சொல்லி என் கழுத்தை நானே இறுக்கியிருக்கிறேன்.

உங்கள் அம்மாவிடம் ஓடிவந்து சொன்னேன்.

"ஏன், உங்கடை வாயிலை காய்ச்சலெண்ட சொல்லு வராதே?" என்று கேட்டார்.

"காய்ச்சலிலை நடுங்கிறவன் சொல்லுத் தேடிக்கொண்டே நிப்பான்?"

"சரி, இப்பவாவது ஆரையெண்டாலும் கொண்டு வடிவாய் ஒரு பெட்டிசன் எழுதுவியுங்கோ."

வவுனியாவில் அரசாங்க அலுவலகமான கச்சேரிக்கு முன்னால் மரத்தடியில் மேசை போட்டுப் பெட்டிசன் எழுதும் பெரியவர் ஒருவர் இருந்தார். ரைப் மிசின் வைத்திருந்தார். அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தலையை ஆட்டிக் கேட்டு, டக்கு டக்கென்று அடித்து, கையெழுத்து வைக்கச் சொல்லிப் பட்டாளத்துக்கு அனுப்பினார். பதில் வந்தது. அவரிடமே கொண்டுபோய் வாசிப்பித்தேன். அன்றைக்குக் கவலை என்று சொன்னவர் இன்றைக்கு நோய் என்கிறார், கதை மாறுகிறது, எனவே ஒன்றும் செய்ய முடியாது என்று எழுதியிருந்தார்கள்.

"ஐயா, நீங்கள் என்ன எழுதினனீங்கள்?"

"நீர் சொன்னதைத்தான். நோயெண்டு சொன்னீர், அதைக் கவலையெண்டு பிழையாய் எழுதிப்போட்டாங்கள் எண்டு."

"வருத்தமெண்ட சொல்லை எழுதினனீங்களோ?"

"அதை இங்கிலிஷிலை நோயெண்டுதானே காணும் எழுதுறது!"

பிழை நடந்த சொல்லே பெட்டிசனில் இல்லை. அது தமிழில் இருந்தால்தான் சங்கதி விளங்கும். இங்கிலிஷுக்குப் போன உடனே அது ஏதோ ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறது. "அந்த இடத்திலை கொஞ்சம் வெறுமையாய் விடுங்கோ. தமிழிலை நானே எழுதுறன்," என்றேன்.

பெரியவருக்குக் கோபம் வந்துவிட்டது. "இங்கிலிஷ் பெட்டிசனுக்குள்ளை தமிழ் எழுத்தோ? நான் எத்தினை காலமாய் இந்த மரத்தடியிலை இருக்கிறன். தூக்கிக் குப்பைக் கூடைக்குள்ளை போடுவாங்கள்."

"போடட்டும் ஐயா. முதல் பெட்டிசனிலை தமிழ் இல்லைத்தானே. அதையும் போட்டிட்டாங்கள்."

அவர் என்னை முறைத்துப் பார்த்தார். பிறகு புதுத் தாளைச் செருகி, அந்தச் சொல் வரும் இடமெல்லாம் மிசினின் இடம் விடும் கட்டையைத் தட்டி வெறுமையாய் விட்டு அடித்தார். நான் பேனையால் 'வருத்தம்' என்று தெளிவாக எழுதினேன். ஒரு சொல்லுக்கு இரண்டு ஊரில் இரண்டு கருத்து என்று பக்கத்தில் இங்கிலிஷில் விளக்கம் போடச் செய்தேன். "இனி ரைப் மிசினையும் நீரே வைச்சிரும்," என்று சொல்லித்தான் தந்தார்.

இந்த முறை நேரில் வரச் சொல்லிக் கடிதம் வந்தது. வவுனியாவிலேயே விசாரணை. எனக்காகப் பேச ஒரு ஆள் வேண்டும். தையற்காரரைக் கேட்டேன். அவர் ஊசியை வாயிலிருந்து எடுத்துவிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னார்.

"பட்டாளத்து ஆபீசாண்ணே? அங்க போனா என்னோட பேப்பரைக் கேப்பாங்க. பிரஜாவுரிமைக்கு எழுதிப் போட்டிருக்கேன், ஒரு பதிலும் இல்ல. வம்புல மாட்டிக்கிட்டா கப்பல்ல ஏத்தி அனுப்பிடுவாங்க."

அதற்கு மேல் அவரைக் கேட்க எனக்கு மனம் வரவில்லை. என் கடதாசியைத் திருத்த இன்னொருவன் கடதாசியைப் பணயம் வைப்பது நியாயமில்லை. தனியாகப் போவது என்று இருந்தேன். விசாரணை நாள் காலையில் கிளிநொச்சி ஸ்டேசனில் நிற்கிறேன், பின்னால் குரல் கேட்கிறது.

"அண்ணே, எனக்கும் சேத்து ஒரு டிக்கெட் எடுங்க."

"ஏன் தம்பி, பயமெண்டு சொன்னனீர்?"

"பயந்தாண்ணே. ஆனா எங்க பக்கத்து ஆளு போட்ட முடிச்சு. நானே வந்து அவுக்காட்டி நல்லாவா இருக்கும்?"

விசாரித்த அதிகாரி சிங்களவர், அமைதியான மனிதர். மொழிபெயர்க்கக் கோட்டுப் போட்ட யாழ்ப்பாணத்தவர் ஒருவர் இருந்தார். தையற்காரரை வெளியே இருக்கச் சொன்னார்கள். நான் என் கதையைச் சொன்னேன். கோட்டுக்காரர் இங்கிலிஷில் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"வருத்தமெண்டால் வருத்தம்தானே. இதிலை என்ன சந்தேகமெண்டு இவ்வளவு தூரம் வந்தனீர்?"

"உங்களுக்குச் சந்தேகமில்லை ஐயா. அதுதான் கரைச்சல்."

அதிகாரி ஏதோ கேட்டார். அப்படியானால் பழைய மொழிபெயர்ப்பாளர் பொய்யரா என்று கேட்கிறாராம்.

"இல்லை ஐயா. அந்த மனிசன் தன்ரை ஊர்த் தமிழிலை சரியாய்த்தான் சொன்னவர். வெளியிலை இருக்கிறவரைக் கூப்பிட்டு, ஒண்டும் சொல்லிக் குடுக்காமல், நீங்களே கேட்டுப் பாருங்கோ."

தையற்காரர் கையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றார். கோட்டுக்காரர் கேட்டார். "காவலுக்கு நிண்ட ஒருத்தன் இடத்தை விட்டிட்டுப் போட்டான். ஏனெண்டு கேட்டால் 'வருத்தம் ஐயா' எண்டு சொல்லுறான். நீர் என்ன நினைப்பீர்?"

"தப்புப் பண்ணிட்டான், இப்ப மனசு உறுத்துதுன்னு நினைப்பேங்க."

"என்ன விசர்க் கதை! வருத்தக்காரன் எண்டால் ஆர்?"

"வருத்தப்படுறவன்."

"வருத்தம் பாக்கப் போறன் எண்டால்?"

"வருத்தத்தை எப்படிங்க பாக்க முடியும்? அது உள்ள இருக்கிறதாச்சே."

"கைக்குழந்தைக்கு வருத்தம் எண்டால்?"

"கைக்குழந்தைக்கு என்னங்க வருத்தம்? அது என்ன தப்புப் பண்ணிச்சு?"

கோட்டுக்காரர் கதிரையை விட்டு எழும்பிவிட்டார். அதிகாரிக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை, ஆனால் 'வருத்தம்' என்ற சத்தம் இருவர் வாயிலும் மாறிமாறி வருவதையும், ஒருவர் நெற்றியைத் தொட, மற்றவர் நெஞ்சைத் தொடுவதையும் பார்த்துக்கொண்டிருந்தார். மெல்லச் சிரிக்கத் தொடங்கினார். கோட்டுக்காரர் திரும்பவும் உட்கார்ந்து, மூச்சு விட்டு, எல்லாவற்றையும் விளங்கப்படுத்தினார். அதிகாரி என் பழைய பதிவைப் புரட்டினார். விசாரணைக்கு மறுநாள் நான் மலேரியாவோடு ஆஸ்பத்திரியில் சேர்ந்தது அதிலேயே எழுதியிருந்தது. இவ்வளவு காலமும் அந்த இரண்டு வரியையும் ஒருவரும் சேர்த்து வாசிக்கவில்லை.

குற்றம் என்ற வரியை வெட்டி, நோயினால் இடம் விட்டு நீங்கினார் என்று எழுதி, அதிகாரி கையெழுத்து வைத்தார். தையற்காரரிடம் ஒருவரும் பேப்பர் கேட்கவில்லை. வெளியே வந்ததும் அவர் பால் விடாத பிளேன்ரீ ஒன்றை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, அடுத்த ரெயில் எப்போது என்று கேட்டார்.

இதோடு முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். ஆள் எடுக்கும் மேசைக்குத் திருத்திய கடதாசியோடு போனால், அதை வாசித்துவிட்டு என்னை டொக்டரிடம் அனுப்பினார்கள். டொக்டர் படுக்கச் சொல்லி, இடது விலாவுக்குக் கீழே விரலால் அமத்தினார். நோவில் துள்ளினேன்.

"மண்ணீரல் வீங்கியிருக்கு. பழைய மலேரியா. எடுக்கேலாது," என்றார்.

முதல் முறை எனக்கு விளக்கம் சொன்ன தமிழ்க் கிளாக்கர் அங்கேதான் நின்றார். "பாரும் காணும், முந்தி நீர் சுகதேகியான குற்றவாளி. இப்ப குற்றமில்லாத வருத்தக்காரன். எந்தப் பக்கத்தாலை வந்தாலும் கதவு பூட்டு," என்று பகிடி விட்டார்.

நான் டொக்டரின் மேசையை விட்டு நகரவில்லை. "மருந்து குடிச்சால் வீக்கம் வத்துமோ ஐயா?"

"வத்தும். வத்தாமலும் விடும்."

"வத்தினால் எடுப்பியளோ?"

"எடுக்கலாம்."

"அப்ப மருந்தைத் தாருங்கோ."

அதன் பிறகு உங்கள் அம்மா என்னை விடவில்லை. என் பட்டாள ஆசையைக் கேலி செய்தவரே டொக்டர் தந்த குளிசையோடு வந்து நிற்பார். "நீங்கள் போனாலென்ன, நிண்டாலென்ன, வீங்கின மண்ணீரலோடை ஒரு மனிசனை வைச்சு நான் பாக்கமாட்டன். வாயைத் திறவுங்கோ." கைப்பென்றால் அப்படிக் கைப்பு. காதுக்குள் வண்டு இரையும். மூச்சுப் பிடிக்கப் பழக வேண்டுமென்று காலையில் வாய்க்கால் வரம்பில் ஓடுவேன். வயலில் நின்றவர்களுக்கு நான் ஒரு பொழுதுபோக்கு. "அண்ணை, யானை எந்தப் பக்கத்தாலை கலைச்சுக்கொண்டு வருது?" என்று ஒருவன் கேட்பான். "யானையில்லை, பெண்சாதி," என்று இன்னொருவன் சொல்லுவான். நான் நிற்காமல் ஓடினேன்.

பிறந்த நாளுக்கு முன்னால் திரும்பவும் டொக்டரிடம் போனேன். அமத்தினார். துள்ளவில்லை. இன்னும் ஆழமாக அமத்தினார். பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன்.

"நோகுதோ?"

"நீங்கள் இப்பிடி அமத்தினால் ஆருக்கும் நோகும் ஐயா. வீக்கம் இருக்கோ, இல்லையோ?"

அவர் சிரித்துவிட்டு எழுதினார்.

சேரும் பத்திரத்தைக் கிளாக்கர் என் முன்னால் வைத்தார். கீழே புள்ளடிக் குறி போட்ட இடத்தில் கையெழுத்து வைக்கச் சொன்னார். முதலிலிருந்து கடைசி வரை இங்கிலிஷ். நான் பேனையைத் தொடவில்லை.

"இதைத் தமிழிலை வாசியுங்கோ."

"முழுக்கவோ?"

"முழுக்க."

"எல்லாருக்கும் இதே பத்திரம்தான் காணும். பின்னாலை எத்தினை பேர் நிக்கினம், பாத்தனீரே?"

"நிக்கட்டும் ஐயா. நான் எவ்வளவு காலம் நிண்டனான்."

பின்னால் முணுமுணுப்புத் தொடங்கியது. "அண்ணை, இஞ்சை என்ன புராணப் படிப்பே நடக்குது?" என்று ஒருவன் கத்தினான். கோயிலில் புராணம் படிக்கும்போது ஒருவர் பாட்டை வாசிக்க, மற்றவர் அதன் கருத்தைச் சொல்லுவார். அதைப் பயன் சொல்லுதல் என்போம். "படிக்கிறதுக்கு ஐயா இருக்கிறார், பயன் சொல்ல ஒருத்தரையும் கையோடை கூட்டிக்கொண்டு வந்திருக்கலாமே!" என்று இன்னொருவன் சொல்ல, வரிசையே சிரித்தது. கிளாக்கருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முதல் வரியை இங்கிலிஷில் வாசித்தார். பிறகு தமிழில் சொன்னார். விளங்காத இடத்தில் மறித்தேன். வேறு சொல்லில் சொன்னார். அப்படி ஒவ்வொரு வரியாகப் பயன் சொல்லி முடித்த பிறகுதான் நான் பேனையைக் கேட்டு வாங்கினேன்.